கெளுத்திகளுக்கு வழியனுப்புச் சாப்பாடு

ஒதிலியா தமானி கட்டி அனுப்பிய பெட்டியில் மீன் செத்துப்போனது என்று போன வருஷம் யாராவது சொல்லியிருந்தால், சாந்தா பிரிகிதா ஊரே சிரித்திருக்கும். கண்ணாடித் தொட்டியில் வளர்க்க விற்கிற ஊர் மீனைப் பதினோரு வருஷமாக அவள்தான் உயிரோடு பையில் கட்டுகிறாள். கட்டி முடித்ததும் பெட்டியின் மேல் கரிக்கட்டையால் 'ஒதிலியா' என்று கோணல்மாணலாக எழுதுவாள். நனாய் ஆற்றில் ஒன்றரை நாள் பயணம் செய்து அந்தப் பெட்டி இகீத்தோஸ் நகரத்துக் கிடங்குக்குப் போகும். மற்ற ஊர்ப் பெட்டிகளை அங்கே வாசலிலேயே பிரித்து, பையைத் தூக்கிப் பார்த்து, முகர்ந்து பார்த்து, ஆயிரம் குற்றம் சொல்வார்கள். ஒதிலியாவின் பெட்டி மட்டும் புது மாப்பிள்ளை மாதிரி நேராக உள்ளே போகும்.

அந்தப் பெட்டிதான் இப்போது மூன்றாவது தடவையாகச் செத்த மீனோடு திரும்பி வந்திருந்தது. படகுக்காரன் செகுந்தோ அதைத் துறையில் இறக்கி வைத்துவிட்டு இரண்டடி தள்ளி நின்றுகொண்டான். ஒதிலியாவின் வாயைப் பற்றி அவனுக்குத் தெரியும், அதனால் 'தோன்யா' என்று மரியாதையாகவே தொடங்கினான்.

"என்னைப் பாத்து மொறைக்காதீங்க தோன்யா. நெழல்லதான் வச்சிருந்தேன். என் மாமியார வெயில்ல உக்கார வச்சுட்டு ஒங்க பெட்டிய நெழல்ல வச்சேன். அதுக்கு வீட்ல தனியா வாங்கிக் கட்டிக்கிட்டேன்."

"பெட்ரோல் டின்னு பக்கத்துல வச்சிருப்பே."

"சத்தியமா இல்ல. டின்னு முன்னாடி, பெட்டி பின்னாடி."

"அப்ப எப்படிடா இருநூத்தி நாப்பதும் செத்துச்சு? ஒன் மூஞ்சியப் பாத்தா?"

ஊர் மீன் சங்கத்தின் தலைவி லியோனிலா படியிறங்கி வந்தாள். ஒதிலியாவின் மகனுக்கு ஞானத்தாய் அவள். அதனால் இருவரும் ஒருவரையொருவர் 'கொமாத்ரே' என்றுதான் கூப்பிட்டுக்கொள்வார்கள், சண்டை போடும்போதும்கூட.

"கொமாத்ரே, கிடங்குக்காரன் சொல்லி அனுப்பிட்டான். இன்னொரு பெட்டி இப்படி வந்தா ஒம் பேரு போட்ட பெட்டியே அவனுக்கு வேணாமாம். கீழூர்க்காரி எவளையாவது கட்டச் சொல்லுங்கறான்."

"கீழூர்க்காரியா? பைக்குள்ள வாயால ஊதிக் கட்டுறவ அவ!"

"அவ ஊதுனது பொழைக்குதே. நானும் எத்தன நாளைக்குத்தான் ஒனக்காகப் பல்லைக் காட்டுறது? பத்து நாள்ல அடுத்த படகு. அதுதான் கடைசி."

ஒதிலியா பெட்டி மேலிருந்த தன் பெயரைப் பார்த்தாள். அவளுக்கு எழுதத் தெரிந்தது அந்த ஒரே ஒரு வார்த்தைதான். பெட்டிக்காகவே முப்பத்தைந்து வயதில் கற்றுக்கொண்டது. பெட்டி போனால் அதை எழுத வேறு இடமும் கிடையாது.

இந்த மீனைப் பற்றி இங்கே கொஞ்சம் சொல்லியாக வேண்டும். எங்கள் பக்கத்தில் ஷிருயி என்போம். கட்டைவிரல் நீளக் கெளுத்தி. உடம்பு முழுக்க ஓடு, வாயோரத்தில் மீசை, முதுகிலும் இரண்டு பக்கத்திலும் முள். ஒற்றையாகத் தொட்டியில் விட்டால் மூலையில் போய் அன்ன ஆகாரம் இல்லாமல் கிடக்கும். முப்பதாக விட்டால் ஒன்றையொன்று இடித்துக்கொண்டு நாளெல்லாம் அடிமணலைக் கிளறும். நடுநடுவே மேலே பாய்ந்து வந்து ஒரு வாய் காற்றை விழுங்கிவிட்டு இறங்கும். பார்த்தால் சாது. மிரண்டால் முள்ளடியிலிருந்து ஒரு விஷத்தைக் கக்கும். ஆற்றில் கக்கினால் ஆறு அடித்துக்கொண்டு போய்விடும். கட்டிய பைக்குள் கக்கினால் கக்கின மீனும் சாகும், பக்கத்தில் சும்மா இருந்த இருபத்தொன்பதும் சாகும்.

அதனால் ஒதிலியா அவற்றை வீட்டிலேயே கோபப்படுத்தி விடுவாள். வாளியில் அள்ளிப் போட்டு ஒரு ஆட்டு ஆட்டுவாள். தண்ணீரில் நுரை கட்டும். கொட்டிவிட்டுப் புதுத் தண்ணீர் விட்டு மறுபடி ஆட்டுவாள். மூன்றாம் தண்ணீரில் நுரை வராது. அதற்கு முன்னால் இரண்டு நாள் முழுப் பட்டினி. வயிற்றில் எதுவும் இருந்தால் அது பைக்குள் கழிவாகி, அந்தத் தண்ணீரே எமனாகிவிடும். பிறகு இரட்டைப் பை. முள் குத்தினால் ஒழுகாமலிருக்க நடுவில் பழைய செய்தித்தாள். பையின் இரண்டு மூலையும் முடிச்சு, இல்லாவிட்டால் இடுக்கில் போய்ச் செருகிக்கொண்டு சாகும். பாதிக்குமேல் காற்று. அந்தக் காற்றையும் வாயால் ஊத மாட்டாள், வெறும் பையை விரித்து ஒரு வீசு வீசி அள்ளுவாள். வாளியை ஆட்டும்போது வாயும் சும்மா இருக்காது. "எல்லாத்தையும் இங்கேயே கக்கிட்டுப் போங்கடி, சனியன்களா" என்பாள். மீனையும் திட்டித்தான் அனுப்புவாள் ஒதிலியா என்று ஊரில் பேச்சு.

இதில் எதையும் அவள் மாற்றவில்லை. அப்படியும் மூன்று பெட்டி போயிருந்தது. அவள் யாரையும் விட்டுவைக்கவில்லை. லியோனிலா கொடுத்த வாளியில் சோப்பு இருந்ததா என்று நக்கிப் பார்த்தாள். பை விற்கிற கடைக்காரனிடம் போய்ச் சண்டை போட்டாள். மழை சீக்கிரம் நின்றதற்காக வானத்தையும் இரண்டு வார்த்தை கேட்டாள். வீட்டுக்குள் மட்டும் தேடவில்லை. வீட்டுக்குள் இருந்தது அவள் புருஷன் நெப்தாலி.

நெப்தாலி முராயாரி மீன் பிடிக்கிறவன். மீன் பருவம் முழுக்க ஆற்றுக்கு மேற்கே ஓடைகளில் வலையோடு கிடப்பான். மீன் கரைக்கு வந்து சேர்ந்த பிறகு அதற்கு என்ன ஆகிறது என்பதை அவன் பார்த்ததே இல்லை. ஏப்ரலில் பனம்பழம் பறிக்க ஏறி, மரத்திலிருந்து விழுந்து, முட்டி பிசகி வீட்டோடு உட்கார்ந்தான். அவன் உட்கார்ந்த நாளிலிருந்துதான் பெட்டி செத்துத் திரும்புகிறது. இது ஊரில் யாருக்கும் உறைக்கவில்லை, ஒதிலியாவுக்கும்தான்.

அவனிடம் குடி கிடையாது, சூது கிடையாது. ஒரே ஒரு வியாதி உண்டு. வீட்டுப் படியை விட்டு இறங்குகிற எவனையும் வெறும் வயிற்றோடு விட மாட்டான். ஊசி போட வந்த நர்ஸ், ஜெபம் சொல்ல வந்த போதகர், வழி கேட்டு நின்றவன், எல்லாரும் அவித்த வாழைக்காயும் சுட்ட மீனும் தின்றுவிட்டுத்தான் போக வேண்டும். ஒரு தடவை கோழி திருட வந்தவனைக் கையும் களவுமாகப் பிடித்து, ஊர்த் தலைவரிடம் கொண்டுபோவதற்கு முன்னால் அவனுக்கும் ஒரு தட்டு வைத்தான். திருடன் இரண்டாம் தடவை கேட்டு வாங்கிச் சாப்பிட்டான். ஒதிலியா தலையில் அடித்துக்கொண்டாள்.

அவளுக்கே அந்தச் சாப்பாடு நடந்திருக்கிறது. கல்யாணமான இரண்டாம் வருஷம், இனி இந்த மனுஷனோடு குப்பை கொட்ட முடியாது என்று துணியை மூட்டை கட்டிக்கொண்டு அம்மா வீட்டுக்குக் கிளம்பினாள். அவன் தடுக்கவில்லை. "சாப்பிட்டுட்டுப் போ" என்று மட்டும் சொல்லி அடுப்பு மூட்டினான். வாழைக்காய் வேகவே மாட்டேன் என்றது. அடுப்பு புகைந்தது, இவன் ஊதினான், மறுபடி புகைந்தது. ஒரு வழியாக வெந்து, இவள் கண்ணீரும் மூக்குமாகத் தின்று முடித்தபோது படகு வளைவு தாண்டிப் போயிருந்தது. அடுத்த படகுக்குப் பத்து நாள். பத்தாம் நாள் அவள் மரவள்ளி வறுத்துக்கொண்டிருந்தாள். பாதி வறுவலில் சட்டியை விட்டுவிட்டு யார் கிளம்புவது? இருபத்துநாலு வருஷம் ஓடிவிட்டது. ஒரு அடுப்புப் பற்றவைக்கத் துப்பில்லாதவனால் என் பிழைப்பு இப்படி ஆனது என்று வாரத்துக்கு ஒரு தடவையாவது சொல்லிக் காட்டுவாள்.

செத்த பைகளைக் குழி தோண்டிக் கொட்டும்போதுதான் அதைக் கவனித்தாள். பையின் அடியில் மஞ்சளாக ஏதோ கொழகொழவென்று. சேறாக இருக்காது. எங்கள் ஆறு கறுப்பு ஆறு, அதில் மஞ்சள் சேறு எங்கிருந்து வரும்? விரலால் தொட்டு முகர்ந்தாள். புளித்த வாசனை. தன் வீட்டு அடுப்படியில் தினம் வருகிற வாசனைதான், ஆனால் இன்னதென்று பிடிபடவில்லை.

புது மீன் வந்தது. படகுக்கு இன்னும் இரண்டு நாள் என்றபோது மத்தியானம் துணி துவைக்கத் துறைக்குப் போனாள். சோப்பை வேண்டுமென்றே விட்டுவிட்டுப் போனாள். பாதி வழியில் திரும்பி, வீட்டுக்குப் பின்பக்கமாகச் சத்தம் போடாமல் வந்து பார்த்தாள்.

நெப்தாலி தொட்டி ஓரத்தில் நொண்டிக் காலை நீட்டி உட்கார்ந்திருந்தான். மடியில் கிண்ணம். கிண்ணத்தில் வறுத்த மரவள்ளிக் குருணை, பொன் மாதிரி மஞ்சள், தண்ணீரில் பதமாக ஊற வைத்தது. சிட்டிகை சிட்டிகையாகத் தூவிக்கொண்டிருந்தான்.

"இந்தா, நீ இன்னும் வரவே இல்லையே, வா. கூச்சப்படாதே. தூரப் பயணம்டா கண்ணுங்களா. படகுல ஒண்ணும் தரமாட்டானுங்க. நல்லா சாப்பிடுங்க."

ஒதிலியா போட்ட சத்தத்தில் பக்கத்து வீட்டுக் கோழி கூரை ஏறியது.

"அடப் பாவி மனுஷா! நீயா? மூணு பெட்டியும் நீயா? ஊரெல்லாம் போய்ச் சண்டை போட்டுட்டு வந்தேனே! செகுந்தோ மூஞ்சியில நான் எப்படி முழிப்பேன்? வாளிய நக்குனேன்யா நான், வாளிய!"

"கத்தாதே, பயப்படுதுங்க."

"பயப்படுதா? செத்துப்போச்சு! எழுநூத்தி இருவது உசுரு! நீ போட்ட சாப்பாட்டத் தின்னுட்டுப் பைக்குள்ள பேண்டு, அதுலயே முங்கிச் செத்துச்சு!"

நெப்தாலியின் கை கிண்ணத்துக்கு மேலேயே நின்றுவிட்டது. அவனுக்கு இது தெரியாது. ஓடையில் பிடிக்கத் தெரியும், அவ்வளவுதான்.

"எனக்கு எப்படித் தெரியும்?" என்றான் மெதுவாக. "நீ அதுங்கள திட்டுறே. வாளியில போட்டு ஒலுக்குறே. ரெண்டு நாள் பட்டினி போடுறே. அப்பறம் பையில கட்டி ஊர விட்டே அனுப்புறே. நம்ம வீட்லேர்ந்து அப்படி யாராச்சும் போயிருக்காங்களா? எனக்கு மனசு கேக்கல."

"மனசு கேக்கலையா! அது மீனுய்யா! விருந்தாளி இல்ல!"

"நம்ம தொட்டியில மூணு நாள் இருந்துச்சுல்ல?"

இந்த மனுஷனிடம் என்ன பேசுவது? ஒதிலியா கிண்ணத்தைப் பிடுங்கி நாய்க்கு வைத்தாள். தொட்டி மேல் பலகையைப் போட்டு அதன்மேல் அரிசி மூட்டையைத் தூக்கி வைத்தாள். படகுக்கு இன்னும் இரண்டு நாள் இருந்தது, பட்டினிக்கு அது போதும். இந்தத் தடவை யாரையும் நம்புவதாக இல்லை, பெட்டியோடு நானே போவேன் என்று லியோனிலாவிடம் சொல்லிவிட்டு வந்தாள். காரணத்தைச் சொல்லவில்லை. சொன்னால் ஊர் ஆறு மாதம் சிரிக்கும்.

அன்று சாயங்காலம் அவன் தட்டைத் தொடவில்லை. மறுநாளும் தொடவில்லை.

"என்ன, உண்ணாவிரதமா? எனக்கு எதிராவா?"

"ஒனக்கு எதிரா இல்ல. அதுங்க பட்டினி கெடக்கறப்ப நான் பக்கத்துல உக்காந்து எப்படி மெல்றது? போய்ச் சேரட்டும். அப்பறம் சாப்பிடறேன்."

"கடவுளே, இவன எதுல சேக்கறது!" என்று அவள் கூரையைப் பார்த்துக் கேட்டாள். மரவள்ளியைப் புளிக்க வைத்த மசாத்தோவை மட்டும் மூன்று வேளையும் குவளை குவளையாகக் குடித்தான். குடிக்கிறது சாப்பாட்டில் சேராதாம்.

படகு வருகிற நாள் விடிந்ததும் மீனை ஆட்டினாள், கட்டினாள், எட்டுப் பையையும் பெட்டியில் அடுக்கினாள். கரிக்கட்டையை எடுத்து 'ஒதிலியா' என்று எழுதினாள். கடைசி எழுத்து வழக்கத்தைவிடக் கோணலாகப் போயிற்று.

திரும்பிப் பார்த்தால் நெப்தாலி தட்டோடு நின்றான். வாழைக்காய் ஆவி பறந்தது, பக்கத்தில் சுட்ட மீன். அவள் படகுத் துறைப் பக்கம் பார்த்தாள். படகின் சத்தமே இன்னும் கேட்கவில்லை. அடுப்பைப் பார்த்தாள். ஒரு பொட்டுப் புகை இல்லை.

"அதுக்குள்ள எப்படி வெந்துச்சு?"

"காஞ்ச வெறகு."

"ஒனக்கு அடுப்பு மூட்டத் தெரியுமா?"

"தெரியாம என்ன? ஓடைக்கரையில எனக்கு யாரு சமைக்கறா?" அவன் தட்டை அவள் கையில் வைத்தான். "சாப்பிடு. பசியோட போகாதே."

அவள் ஒரு பெரிய துண்டை வாயில் போட்டாள். அப்போதுதான் அவன் காலைச் சொறிந்துகொண்டே சொன்னான்.

"அன்னைக்கு வச்சதுதான் ஈர வெறகு."

"ம்?"

"நீ மூட்டை கட்டுன அன்னைக்கு. வெறகெல்லாம் காஞ்சுதான் இருந்துச்சு. நான்தான் ஆத்துல முக்கி எடுத்துட்டு வந்து வச்சேன்."

வாழைக்காய் வாயிலேயே நின்றது. விழுங்கவும் முடியவில்லை, துப்பவும் முடியவில்லை. இருபத்துநாலு வருஷம்! துப்பில்லாதவன் என்று இத்தனை வருஷம் சொல்லிக் காட்டினாளே, அத்தனையையும் வாயை மூடிக்கொண்டு கேட்டானே, திருட்டுப் பயல்! அவள் கையை ஓங்கினாள். ஆற்றில் செகுந்தோவின் சங்கு அலறியது. லியோனிலா கரையிலிருந்து "கொமாத்ரே, வா, வா" என்று கூப்பாடு போட்டாள். பெட்டியைத் தூக்கி வைக்கவும் ஏறவும்தான் நேரம் இருந்தது. ஒரு வார்த்தை திட்ட முடியவில்லை. படகு நகர்ந்த பிறகுதான் வாயில் இருந்தது இறங்கியது.

ஒன்றரை நாள் அவள் பெட்டியின் மேல் கையை வைத்தபடி உட்கார்ந்து வந்தாள். மீனெல்லாம் கோபத்தைக் கக்கிவிட்டு நிம்மதியாக வந்தன. இவள்தான் கக்காமல் வந்தாள். செகுந்தோ இரண்டு தடவை பேச்சுக் கொடுத்துப் பார்த்துவிட்டு, பெட்ரோல் டின் பக்கம் போய் உட்கார்ந்துகொண்டான்.

கிடங்கு வாசலில் கண்ணாடி போட்ட ஒல்லியான ஆள் ஒருவன் எல்லார் முன்னாலும் பெட்டியைப் பிரித்தான். பதினோரு வருஷத்தில் வாசலில் வைத்து அவள் பெட்டியைப் பிரித்தது இதுதான் முதல் தடவை. அவளுக்கு அவமானமாக இருந்தது. முதல் பையைத் தூக்கி வெளிச்சத்தில் பிடித்தான். முப்பதும் அடியில் அசையாமல் கிடந்தன. பிறகு ஒன்று மேலே பாய்ந்து காற்றை விழுங்கிவிட்டு இறங்கியது. அதைப் பார்த்து இன்னொன்று. அப்புறம் பை முழுக்க மேலும் கீழுமாகக் கொதித்தது.

எட்டுப் பையும் பார்த்தான். "ரெண்டுதான் செத்திருக்கு. அது எல்லாப் பெட்டியிலயும் சாகறதுதான்" என்றான். "அடுத்த தடவையும் பேரு போட்டே அனுப்புங்க. நேரா உள்ள எடுத்துக்கறோம். சரி, அவ்வளவுதான். போகலாம்."

அவள் போகவில்லை. எதற்கோ காத்துக்கொண்டு நின்றாள். மத்தியானம். உள்ளே தொட்டிகளுக்கு நடுவில் நாலைந்து பேர் டப்பாவைத் திறந்து சோறும் மீனும் தின்றுகொண்டிருந்தார்கள். ஒருத்தி நிமிர்ந்து பார்த்துவிட்டு மறுபடி குனிந்துகொண்டாள். கண்ணாடிக்காரன், "இன்னும் ஏதாவது வேணுமா?" என்றான்.

"ஒண்ணும் வேணாம்" என்றாள் ஒதிலியா.

துறைக்குப் பாதி வழி நடந்த பிறகுதான் எதற்காக நின்றோம் என்பது அவளுக்கே விளங்கியது. அழுகை வந்தது, அதைவிட அதிகமாக எரிச்சல் வந்தது. ஒன்றரை நாள் ஆற்றில் வந்தவளைப் பார்த்து, சாப்பிட்டாயா என்று கேட்க ஒருத்தனுக்கும் நாக்கு எழவில்லை. இது என்ன ஊர்? வழியில் எத்தனையோ கடைகள் இருந்தன. வீம்புக்கு எதையும் வாங்கித் தின்னாமல் படகில் ஏறினாள்.

ஆற்றோட்டத்துக்கு எதிரான பயணம், இரண்டு நாள் ஆகும். அவளுக்கு அது வசதியாகப் போயிற்று. அவனைத் திட்ட வேண்டியதை வரிசையாக அடுக்கிக்கொண்டாள். ஈர விறகில் தொடங்கி, இருபத்துநாலு வருஷத்தையும் ஒவ்வொன்றாகப் பிரித்துக் கேட்பது என்று முடிவு செய்தாள். நல்ல இடங்களை வாய்விட்டே சொல்லிப் பார்த்தாள். "நான் என்ன பண்ணேன் தோன்யா?" என்று செகுந்தோ பின்னாலிருந்து கேட்டான்.

சாந்தா பிரிகிதா துறையில் லியோனிலா நின்றாள். "ரெண்டு" என்று ஒதிலியா விரலைக் காட்டினாள். லியோனிலா சிலுவை போட்டுக்கொண்டாள். நெப்தாலி அவளுக்குப் பின்னால் ஒரு குச்சியை ஊன்றிக்கொண்டு நின்றான். கன்னம் ஒட்டிப்போயிருந்தது. பெட்டி என்ன ஆயிற்று, பெயர் நின்றதா என்று எதையும் அவன் கேட்கவில்லை.

"சாப்பிட்டியா?" என்றான்.

இரண்டு நாளாக அடுக்கி வைத்திருந்தது அத்தனையும் அவள் வாய்வரைக்கும் வந்தது. அவள் மூட்டையை அவன் கையில் திணித்தாள்.

"இல்ல. அந்தக் காஞ்ச வெறகுல மூட்டு. ரெண்டு பேரும் சாப்பிடணும். நான் ஒன்னத் திட்ட வேண்டியது நெறைய இருக்கு, வெறும் வயித்துல முடியாது."